ஒரு பவுன் எடை

அன்புள்ள சார்,

வேலைக்காகச் சிகாகோ வந்து எட்டு மாதமாகிறது. ஏரியைப் பார்த்த வீடு, 22வது மாடி. சென்ற ஞாயிறு மான்ட்ரோஸ் பாயின்ட் பூங்காவுக்குப் போனேன். வலசை வந்த வார்ப்ளர் என்கிற சின்னப் பாட்டுக் குருவிகளைப் பார்க்க ஒரு புதரைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். எனக்கு இலைதான் தெரிந்தது. பைனாகுலர் 8 மடங்கு வாங்கலாமா, 10 மடங்கா?

பி.கு.: இந்தியா டீமோடு விடிய விடிய போன் கால் இருக்கும். நேற்று காலை பால்கனியில் இந்த மஞ்சள் குருவி செத்துக் கிடந்தது. படம் இணைத்திருக்கிறேன். என்ன பறவை?

க., சிகாகோ

அன்புள்ள க.,

8 மடங்கே வாங்குங்கள், கை ஆடினாலும் தெரியாது. நீங்கள் நின்ற புதருக்கு மேஜிக் ஹெட்ஜ் என்று பெயர். பனிப்போர்க் காலத்தில் அங்கே ராணுவத் தளம் இருந்தது, குடியிருப்பை மறைக்க வைத்த செடிகள் அவை. சரி, அது கிடக்கட்டும்.

பின்குறிப்பில் போட்டீர்களே, அதுதான் கடிதம். செத்தது மேக்னோலியா வார்ப்ளர். மஞ்சள் மார்பில் கறுப்பு மணிமாலை. எடை எட்டு கிராம் சொச்சம், நம் கணக்கில் ஒரு பவுன். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கனடாவின் ஊசியிலைக் காட்டில் கூடு கட்டப் போன உயிர். அத்தனை தூரம் வந்தது உங்கள் ஜன்னல் கண்ணாடியில் மோதவா?

விடிய விடிய போன் என்றால் விடிய விடிய விளக்கு. திரை போட்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள், ஏரி தெரிய வேண்டுமே! வார்ப்ளர்கள் இரவில், நட்சத்திரங்களை வைத்தும் திசையறிந்து பறப்பவை. மேகம் தாழ்ந்த இரவில் வெளிச்சம் அவற்றை இழுக்கும், வழி குழம்பும். விடிந்ததும் தண்ணீர்மேல் இருப்பவை கண்ணில் படும் முதல் பச்சைக்கு வந்து இறங்கும். மான்ட்ரோஸ் புதரில் அவ்வளவு பறவைகள் சேர்வது அதனால்தான். நீங்கள் ரசிக்கப் போனது அந்தக் களைப்பை.

அதே ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மண்டபம் இருக்கிறது. ஃபீல்டு அருங்காட்சியகத்தின் டேவிட் வில்லார்ட் 1978இலிருந்து அதன் சுவரடியில் செத்த பறவைகளைப் பொறுக்கிப் பதிவு செய்துவந்தவர். அந்தப் பதிவுகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே இதுவரை இருந்ததிலேயே மிகக் குறைந்த அளவுக்கு ஜன்னல் வெளிச்சத்தைக் குறைத்தால் சாவு சுமார் 60 சதவீதம் குறையும் என்றது. 2023 அக்டோபர் 5 அன்று அங்கே ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் செத்தன. மறு வருடம், கண்ணாடி இருப்பது பறவைக்குத் தெரியும்படி, அதில் புள்ளி புள்ளியாக ஒட்டினார்கள். அதன் பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. அவ்வளவு எளிய வேலை.

பல வருடம் முன்னால் ஒரு மே மாத விடியலில் நானும் அந்த ஊரில் இருந்தேன். உயரக் கட்டிடங்களின் அடியில் வலையும் காகிதப் பைகளுமாகத் தன்னார்வலர்கள் நடந்தார்கள். ஒரு அம்மா கையுறையைச் சரிசெய்ய, ஒரு பையை என்னிடம் பிடிக்கச் சொன்னார். கனமே இல்லை. காலிப் பை என்றுதான் நினைத்தேன். அப்புறம் உள்ளேயிருந்து நகம் காகிதத்தைக் கீறியது. ஒரு சின்னச் சத்தம், நின்று, மறுபடியும். அன்றைக்கு நானும் மான்ட்ரோஸ் போனேன். ஒரு பறவையையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.

உங்கள்மேல் கோபப்பட்டுவிட்டேன். படம் எடுத்து, பெயர் கேட்டு எழுதினீர்களே, அந்த மனசுக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். வலசை மே கடைசி வரை இருக்கிறது. இன்றிரவு திரையை இழுத்துவிட்டு, மேசைவிளக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போனில் பேசுங்கள். மேல்வீடு, கீழ்வீட்டுக் கதவையும் தட்டுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.