துண்டுக்குள் பேசும் விரல்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் பொள்ளாச்சி சந்தையில் ஒரு கறவை மாடு வாங்கினேன். தரகர் என் கைமீது துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசினார். விற்றவரிடமும் அப்படியே பேசினார். முடிவில் இருவரிடமும் தரகு வாங்கிக்கொண்டார். கைப்பேசியில் படம் பார்த்து மாடு வாங்கும் காலத்தில் இப்படி ஒருவர் எதற்கு?

செ., உடுமலை

அன்புள்ள செ.,

துண்டுக்குள் தரகர் எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதுதான் தொகை. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தவருக்குச் சொல்லாமலே விளங்கும். சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை அந்தத் துண்டைத் தாண்டாது. ஐம்பதாயிரம் எதிர்பார்த்தவர் நாற்பதுக்கு இறங்கிய பிறகு பேச்சு முறிந்துபோனால், அடுத்து வருபவரிடம் அவர் மறுபடியும் ஐம்பதிலிருந்தே தொடங்கலாம். "இதற்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன்" என்று நீங்கள் சொன்னது, தரகர் வாய்வழியாக "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று விற்றவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். நேருக்கு நேர் பேசும்போது இறங்கி வருவது தோல்வி; தரகர் முகத்துக்காக இறங்கினால் அது பெருந்தன்மை. அதற்குத்தான் கூலி. (நான்கு காம்பிலும் பால் வருகிறதா என்பதைப் படம் காட்டாது என்பது வேறு.)

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இடைத்தரகரை விலக்கியது உண்மைதான். ஆனால் கத்தரிக்காய்க்குக் கிலோ விலையைப் பலகையில் எழுதிவிடலாம். மாட்டுக்கு எழுத முடியாது.

உங்கள் சந்தேகத்துக்கு இடமுள்ள இடம் வேறு. விற்றவர், வாங்கியவர் இருவர் விரலையும் பிடித்தவர் தரகர் ஒருவரே என்பதால், அங்கே நாற்பது என்றும் உங்களிடம் நாற்பத்திரண்டு என்றும் சொல்லி நடுவில் இரண்டாயிரத்தை அவர் ஒதுக்கிக்கொள்ள முடியும். இருதரப்பிலும் அறிவித்து வாங்கும் தரகை நான் குறை சொல்லமாட்டேன். இந்த ஒதுக்கல்தான் மோசடி. தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் முகவர் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து அடைந்த ஆதாயத்தை, அமர்த்தியவர் கேட்டு வாங்கலாம் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. இரண்டாயிரத்துக்காக யாரும் நீதிமன்றம் ஏறப்போவதில்லை என்பது தரகருக்கும் தெரியும்.

ஆகவே, துண்டு விரிவதற்கு முன்பே தரகு எவ்வளவு என்று பேசிவிடுங்கள். விலை முடிந்ததும் பணத்தைத் தரகரிடம் கொடுக்காமல், விற்பவர் கையிலேயே, அவர் காதில் விழும்படி எண்ணிக் கொடுங்கள்.