மகாபலிபுரத்தில் வாலிபர் முகாம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பகுதி) வாலிபர் ஐக்கியத்தில் 120 பேர். மே கடைசியில் மகாபலிபுரத்தில் மூன்று நாள் முகாம் நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடிக்கலாம் என்கிறார்கள். மண்டபம் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– காவேரிப்பட்டினம் வாசகர்

முதலில் கிழமையை மாற்றுங்கள். சனி, ஞாயிறில் சென்னைக்காரர்கள் அறைகளை நிரப்பிவிடுவார்கள், வாடகையும் ஏறும். உங்கள் சபைகளிலோ அந்த ஞாயிறு ஆராதனைக்குப் பாடகர் குழுவே இருக்காது. கல்லூரி விடுமுறைதானே, திங்கள் முதல் புதன் வரை வையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் இந்த யோசனை செல்லாது.

வைகாசி முகூர்த்த நாளா என்று நாள்காட்டியைப் பாருங்கள். பக்கத்துப் புல்வெளியில் ரிசப்ஷன் டிஜே ஓடினால், பிரசங்கம் செய்யும் உங்கள் தேவசெய்தியாளர் எவ்வளவு கத்தினாலும் எடுபடாது. 'அந்த மூன்று நாளும் வேறு நிகழ்ச்சி இல்லை' என்று எழுதி வாங்குங்கள்.

120 பேர் உட்காரலாம் என்று ஓட்டலில் சொல்வது, நாற்காலிகளை நெருக்கி வரிசையாகப் போட்ட கணக்கு. மேடை, டிரம்ஸ், சவுண்ட் மேசை எல்லாம் வந்து, குழுவாக வேத ஆராய்ச்சிக்கு வட்டமாகவும் உட்கார வேண்டுமென்றால் 180 பேர் மண்டபம்தான் சரிப்படும். நேரில் போகும்போது ஒரு கேள்வியை விட்டுவிடாதீர்கள்: கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கும் ஃபேனும் மட்டுமா? கத்திரி வெயிலில், கடற்கரைப் புழுக்கத்தில், இதற்குப் பதில் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தில் கொட்டேஷன் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

தர்மபுரியிலிருந்து எந்த வழி நல்லது? இரவே கிளம்பிவிடலாமா?
– நல்லம்பள்ளி வாசகர்

இரவுப் பயணம் வேண்டாம். பத்து மணிக்குக் கிளம்பினால் விடியுமுன் போய்ச் சேருவீர்கள். அறை கிடைப்பது மதியம்தான். அதுவரை 120 பேர் பல் துலக்கவும் இடமில்லாமல் பஸ்ஸைச் சுற்றி நிற்க வேண்டும். முதல் நாள் கூட்டத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருங்கள்.

கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி சீரானது. கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 260 கி.மீ.; தர்மபுரிக்காரர்கள் இன்னும் 50 கி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அரூர், ஊத்தங்கரைப் பக்கத்தார் திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக வரலாம். பௌர்ணமியன்று மட்டும் அந்த வழி வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகராது.

49 சீட் பஸ் மூன்று பிடியுங்கள். ஓசூர்ப் பக்கம் கர்நாடகப் பதிவு வண்டி மலிவாகக் கிடைத்தால், பர்மிட்டையும் வரி கட்டிய ரசீதையும் பார்த்த பிறகே பேசி முடியுங்கள். வழியில் நிறுத்தும் இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். மூன்று பஸ் ஆட்கள் ஒரே கழிப்பறைக்கு வரிசை கட்டினால் முக்கால் மணி நேரம் போய்விடும்.

எங்கள் ஊர்ச் சமையல்காரரையே கூட்டிப்போகலாமா? எவ்வளவு சாமான் ஆகும்?
– எலத்தகிரி வாசகி

பெரும்பாலான ரிசார்ட்டுகள் வெளிச் சமையலை விடாது. அங்கே தலைக்கு இவ்வளவு என்று பேசும்போது, எத்தனை பேருக்குக் குறைந்தபட்சம் பணம் கட்டியாக வேண்டும் என்பதையும் கேளுங்கள். நீங்கள் 120 என்று சொல்லி 100 பேர் வந்தாலும் 120க்கே பில் வரலாம்.

சமைக்க அனுமதி உள்ள இடம் என்றால்: ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 18 கிலோ பொன்னி அரிசி, சாம்பாருக்கு மூன்றரைக் கிலோ துவரம்பருப்பு. பிரியாணிக்கு எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, அதாவது 15 கிலோ. கோழியும் அதே அளவு, இளவட்டங்கள் என்பதால் இரண்டு மூன்று கிலோ கூடுதலாக. குடிநீர் தலைக்கு நாளுக்கு 4 லிட்டர், ஆக 20 லிட்டர் கேன் 24. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. பாக்குமட்டைத் தட்டும் எவர்சில்வர் டம்ளரும் எடுத்துப்போங்கள்.

கடற்கரைக்குப் போய் மீன் இல்லையா என்று கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சிறு படகில் வரும் மீன்தான் இருக்கும், விலை எகிறும். ஒரு வேளைக்கு மேல் மீனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பதிவுக் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது? போன முறை கையைக் கடித்தது.
– பாலக்கோடு வாசகர்

மண்டபம், பஸ், சவுண்ட், தேவசெய்தியாளர் செலவு எல்லாம் ஆள் குறைந்தாலும் குறையாது. இவை 1,20,000 ரூபாய் என்றால் 120 பேருக்குத் தலைக்கு 1,000. வந்தது 90 பேர் என்றால் 1,333. எதிர்பார்க்கும் ஆட்களில் முக்கால் பங்கை வைத்து இதை வகுத்து, சாப்பாடு, அறைச் செலவை அதன்மேல் கூட்டுங்கள். பெயர் மட்டும் கொடுத்தவரை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். பாதிப் பணம் கட்டியவரே கணக்கு.

கடலில் குளிக்க விடலாமா? பையன்களைக் கட்டுப்படுத்த முடியாது. சிலர் கடலிலேயே ஞானஸ்நானம் கேட்கிறார்கள்.
– பர்கூர் போதகர் ஒருவர்

ஐயா, கடலே கூடாது என்று அறிவித்தால் இரவில் யாருக்கும் தெரியாமல் போவார்கள். அதையும் நிகழ்ச்சி நிரலில் ஒரு அங்கமாகப் போட்டுவிடுங்கள்: காலை 6 முதல் 7.15 வரை. சாப்பாட்டுக்குப் பிறகும் இருட்டிய பிறகும் கிடையாது. கடற்கரைக் கோயிலையொட்டிய பாறைப் பக்கம் எப்போதும் வேண்டாம். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தாலோ, உள்ளூர் மீனவர் 'இன்று வேண்டாம்' என்று சொன்னாலோ அன்று கரையில் கால் நனைப்பதோடு சரி.

கிணற்றிலும் தென்பெண்ணையிலும் நீச்சல் கற்றவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கிணற்று நீர் ஆளை இழுக்காது. கடலில் கரையேறிய அலைநீர் ஏதாவது ஒரு இடைவெளி வழியாக வேகமாகத் திரும்புகிறது. இருபுறமும் அலை நுரைத்து உடையும்போது நடுவில் மட்டும் நுரையில்லாமல், கலங்கலாக, அமைதியாகத் தெரியும் பட்டை அதுதான். அலை இல்லையே என்று நம்பி அங்கேயே இறங்குவார்கள். சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். மல்லாந்து மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். முதல் நாள் இரவே இதை மணலில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். அவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் விசிலோடு நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ண வேண்டும். முழங்கால் ஆழம்தான் எல்லை. சேலை, துப்பட்டாவோடு இறங்கினால் காலில் சுற்றிக்கொள்ளும். மூடியை இறுக்கிய காலித் தண்ணீர்க் கேனை நீளக் கயிற்றில் கட்டி வையுங்கள். எறிந்தால் நல்ல மிதவை. 108க்கு அழைக்க ஒருவர் சார்ஜ் உள்ள போனோடு கரையில் இருக்கட்டும்.

ஞானஸ்நானம் சபைத் தொட்டியில் கொடுப்பதே நல்லது. இடுப்பளவு நீரில் ஒருவரைச் சாய்த்துப் பிடித்திருக்கும்போது அலை வந்தால் இருவரும் விழுவீர்கள்.

மணலில் மைக் வைத்து மாலைக் கூட்டம் நடத்தலாமா? இலங்கையிலிருந்து ஒரு தேவசெய்தியாளரை அழைக்க ஆசை.
– ஓசூர் வாசகர்

திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. கடற்காற்றே மைக்கில் இரைச்சலாக விழும் என்பதால் எங்கள் ஓட்டு மண்டபத்துக்கே. மணலில் மைக் இல்லாமல் பாட்டும் ஜெபமும் போதும். கீபோர்டை அங்கே கொண்டுபோகாதீர்கள், மணல் புகுந்தால் கட்டை சிக்கும். தபலா, டோலக்கின் தோல் ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் சுருதி சேர்க்க நேரம் விடுங்கள்.

வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்ய அனுமதி இல்லை. உரிய விசா கிடைத்த பிறகே போஸ்டரில் பெயர் போடுங்கள். அவர் தங்கும் விவரத்தை ஓட்டல் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று அறை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.