டிவில சொல்ற ஈரப்பதமும் டிபிசில (அரசு நெல்லு வாங்குற நேரடி கொள்முதல் நிலையத்துல) பாக்குற ஈரப்பதமும்: கேள்வி பதில்

குறுவை அறுப்பு ஆரம்பிச்சதுலேந்து எல்லாரும் இந்த ஒரு வார்த்தையத்தான் கேக்குறீங்க. நான் மில்லுல நெல்லு காயவைக்கிற வேலையிலயே கெடக்குறவன், அதனால வரிசையா சொல்லிடுறேன்.

மன்னார்குடி தம்பி: வானிலை செய்தில ஈரப்பதம் 85ங்குறாங்க, டிபிசில 17ஐ தாண்டுனா எடுக்க மாட்டேங்குறாங்க. ரெண்டும் ஒண்ணா அண்ணே?

இல்ல தம்பி, பேருதான் ஒண்ணு. செய்தில வர்றது காத்தோடது, முழுப்பேரு ஒப்பு ஈரப்பதம். அந்த நேரத்து சூட்டுக்கு காத்து எவ்ளோ நீராவி தாங்குமோ அதுல 100க்கு 85 பங்கு ஏற்கனவே இருக்குன்னு அர்த்தம், காத்துல 85 சதவீதம் தண்ணின்னு இல்ல. வெயில் ஏறுனா தாங்குற அளவும் கூடும், அதான் விடியக்காலைல 90 இருந்தது மத்தியானம் 60க்கு வந்துடுது. நெல்லுல சொல்றது சுத்த எடைக்கணக்கு, 100 கிலோ நெல்லுல 17 கிலோ தண்ணி.

திருத்துறைப்பூண்டி அக்கா: 22 இருந்த நெல்ல 17க்கு காயவச்சேன், 100 கிலோவுக்கு 5 கிலோதானே கொறையணும், 6 கிலோ கொறையுது. எடையில கோளாறா?

கோளாறு இல்லக்கா. 22ல 100 கிலோன்னா தண்ணி போக 78 கிலோ சரக்கு. காஞ்சப்புறமும் அந்த 78 அப்படியேதான் இருக்கும், ஆனா இப்ப அது மொத்தத்துல 83 சதவீதம். 78ஐ 83ஆல வகுத்து 100ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 94 வரும். எடை சரி.

பாபநாசம் நண்பர்: மூணு நாளா களத்துல கெடக்கு, 19லேந்து எறங்க மாட்டேங்குது, என்னதான் செய்ய?

இங்கதான் ரெண்டு ஈரப்பதமும் சேருது. நெல்லு தன்னைச் சுத்தி இருக்க காத்துக்கு ஏத்த மாதிரிதான் தண்ணிய விடும், காத்து 90க்கு மேலயே நின்னா நெல்லு 17க்கு கீழ எறங்குறது கஷ்டம், ராத்திரி தெறந்து கெடந்தா விட்ட தண்ணிய திரும்ப இழுத்துக்கவும் செய்யும். அதனால பத்து மணிக்கு மேல மெல்லிசா பரப்புங்க, காலால துழாவி துழாவி விடுங்க, பொழுது சாயுறதுக்கு முன்ன குமிச்சு தார்ப்பாய் போட்டுடுங்க. அவசரத்துக்கு கொதிக்கிற தார்ரோட்டுல போட்டு ஒரேடியா காயவைக்காதீங்க, அரிசி உள்ளுக்குள்ள கீறல் விட்டு மில்லுல நொய்யாப் போயிடும், நான் தெனம் பாக்குறேன், மனசு தாங்காது.

கும்பகோணம் தங்கச்சி: அப்பா நெல்ல கடிச்சுப் பாத்தே சொல்றாரு, ஈரம் அளக்குற மீட்டர் எதுக்கு?

காஞ்ச நெல்லு நறுக்குன்னு ஒடையும், ஈரநெல்லு நசுங்கும், அது நெசம். ஆனா 17க்கும் 18க்கும் பல்லு வித்தியாசம் சொல்லாதும்மா. மீட்டர்லயும் களத்து சூட்டோட போட்டா அளவு மாறும், ஆறவச்சு, குமியோட உள்ளேந்தும் நாலு எடத்துல அள்ளிப் பாக்கச் சொல்லு.

நாகை அண்ணன்: 17க்கு மேலயும் எடுத்தாங்களே ஒரு தடவ?

ஆமாண்ணே, மழையால மத்திய அரசு குடுத்த தளர்வு அது. எப்பவும் 17தான்.