14 லட்சம் கொடுத்து ஏஐ சீட் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கட்-ஆஃப் 168. சாஃப்ட்வேர் படிப்புதான் வேண்டும் என்கிறாள். கோவையில் அண்ணா பல்கலைக்கழக இணைப்பு பெற்ற ஒரு தனியார் கல்லூரியில் பி.டெக். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டாவில் இருக்கிறது. வருடக் கட்டணம் 2.25 லட்சம், ஹாஸ்டல் 90,000, சேரும்போது ரசீது இல்லாமல் 1.5 லட்சம். கவுன்சிலிங்குக்கு முன்பே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். என் மாத வருமானம் 36,000 ரூபாய். கையில் 3 லட்சமும் 12 பவுன் நகையும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் படித்ததில்லை. 10 லட்சம் கல்விக் கடன் வாங்கிச் சேர்க்கலாமா? பேசாமல் பி.எஸ்சி.யில் போட்டுவிடலாமா?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்து, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் நல்ல துறை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. ஒன்றும் மோசமான வழி இல்லை. காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம்.

கோவை சீட்டுக்கு நான்கு வருடக் கட்டணம் 9 லட்சம், ஹாஸ்டல் 3.6 லட்சம், ரசீது இல்லாத பணம் 1.5 லட்சம். மொத்தம் 14.1 லட்சம். இதில் 10 லட்சத்தை வருடத்துக்கு 2.5 லட்சமாக 10% வட்டியில் கடன் எடுத்தால், படிக்கும் நான்கு வருடமும் அதற்கு அடுத்த ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் எடுத்த பணத்துக்கு 5 வருட வட்டி, இரண்டாம் வருடப் பணத்துக்கு 4, அடுத்து 3, கடைசியாக 2. தனிவட்டியாகவே போட்டாலும் 3.5 லட்சம் சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 13.5 லட்சம். அதை 10 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய் கட்ட வேண்டும். சர்வீஸ் கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவருக்கு வருடம் 3.5 லட்சத்தை ஒட்டித்தான் சம்பளம். பிடித்தம் போகக் கைக்கு வருவது 25,000 சொச்சம். சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்துக்கொண்டு இந்தத் தவணையை அந்தப் பெண் கட்ட முடியாது. கடைசியில் அது உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்று. அந்த 10 லட்சத்தை வங்கி கொடுக்குமா என்பதே சந்தேகம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், மேனேஜ்மென்ட் கோட்டாவை வங்கி ஏற்றுக்கொண்டாலும், அரசு அங்கீகரித்த கட்டணத்தைத்தான் கணக்கில் எடுக்கும். தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வைத்த கல்விக் கட்டணம் இது: கவுன்சிலிங் சீட்டுக்கு வருடம் 50,000, என்.பி.ஏ. (படிப்புகளின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. சேரும் ஆண்டில் திருத்தியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2.25 லட்சத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளியை நீங்கள் நகைக் கடனிலும் தனிநபர் கடனிலும்தான் அடைக்க வேண்டிவரும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பத்திரமும் கேட்பார்கள். ரசீது இல்லாத 1.5 லட்சத்தை எந்த வங்கியும் கணக்கில் சேர்க்காது. நன்கொடை வசூலிப்பதை 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. ரசீது தராததன் காரணம் அதுதான்.

இப்போது கவுன்சிலிங் சீட். விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி, மதுரை வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கல்விக் கட்டணம் 55,000, பஸ், தேர்வு, புத்தகம் என 45,000 வைத்துக்கொண்டால் வருடம் ஒரு லட்சம், மொத்தம் 4 லட்சம். உங்கள் சேமிப்பில் 1.6 லட்சம் போட்டு, 2.4 லட்சம் கடன் எடுங்கள். 4 லட்சம் வரை பிணையும் கிடையாது, உங்கள் பங்காக முன்பணம் போடவும் தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும்.

உங்கள் ஆண்டு வருமானம் 4.32 லட்சம். மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்துக்கு வரம்பு 4.5 லட்சம். அதாவது, நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள கல்லூரி அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஒரு வருடத்துக்கும் உண்டான வட்டியை அரசே கட்டும். மானியம் இல்லாவிட்டால் 84,000 ரூபாய் வட்டி ஏறும், இருந்தால் 2.4 லட்சம் 2.4 லட்சமாகவே நிற்கும். 5 வருடத் தவணையில் மாதம் சுமார் 5,100. இதற்கு இ-சேவை மையம் வழியாக வருமானச் சான்றிதழ் வாங்கி, கடன் விண்ணப்பத்தோடே கொடுங்கள். அனுமதிக் கடிதம் வந்ததும் இந்த மானியத்தின் கீழ் கணக்கைப் பதிந்திருக்கிறார்களா என்று கிளையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இப்போதே எடுத்துவிடுங்கள். கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும். ஆனால் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் இந்தச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. (ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வேறு கணக்கு: 7.5% இடஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்வி, விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது.)

சரி, எந்தக் கல்லூரி? விளம்பரப் பலகையில் உள்ள '95% பிளேஸ்மென்ட்', 'அதிகபட்சம் 40 லட்சம்' இரண்டையும் மறந்துவிடுங்கள். தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த புள்ளிவிவரத்தைத் தன் இணையதளத்திலும் போட்டிருக்கும். அதில் ஒரு அட்டவணை இருக்கும்: முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை கிடைத்தவர்கள், வேலை பெற்றோரின் இடைநிலைச் சம்பளம் (எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவது), மேற்படிப்புக்குப் போனவர்கள். எடுத்துக்காட்டாக, சேர்ந்தவர்கள் 540, உரிய காலத்தில் முடித்தவர்கள் 410, வேலை 250, மேற்படிப்பு 30, இடைநிலைச் சம்பளம் 3.6 லட்சம் என்று இருக்கட்டும். சேர்ந்தவர்களில் வேலை கிடைத்தவர்கள் 46% மட்டுமே. 130 பேர் அரியரோடு நிற்கிறார்கள் அல்லது நின்றுவிட்டார்கள். விளம்பரத்தின் 95% எங்கிருந்து வந்தது? அரியர் இல்லாமல், கம்பெனி கேட்ட மதிப்பெண்ணும் வைத்து, பிளேஸ்மென்ட் செல்லில் பதிவு செய்தவர்களை மட்டும் எண்ணினால் அப்படி வரும். இந்த அட்டவணையைத் தேடியும் கிடைக்காத கல்லூரியை என் பட்டியலில் கீழே தள்ளிவிடுவேன். ஒரு குறை: இது மொத்தக் கல்லூரிக்கான எண், துறைவாரியாக இருக்காது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டரும் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து என்.பி.ஏ. நாக் கல்லூரி முழுமைக்கும் தருவது, என்.பி.ஏ. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. வாசலில் 'என்.பி.ஏ. அங்கீகாரம்' என்று எழுதியிருக்கும். விசாரித்தால் மெக்கானிக்கலுக்கு இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இருக்காது. என்.பி.ஏ. தளத்தில் படிப்பின் பெயரையும் அங்கீகாரம் முடியும் தேதியையும் பாருங்கள். குறைந்தது இரண்டு பேட்ச் படித்து வெளியேறிய பிறகுதான் ஒரு படிப்பு அதற்கு விண்ணப்பிக்கவே முடியும் என்பதால், புதிதாகத் தொடங்கிய ஏஐ, சைபர் செக்யூரிட்டி பிரிவுகள் பலவற்றுக்கு இன்னும் இருக்காது.

ஏஐ என்ற பெயருக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதல் இரண்டு வருடப் பாடங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏஐ மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பெனித் தேர்வில் கேட்பது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் ஆகியவற்றைத்தான்; பட்டத்தில் எந்தப் பிரிவின் பெயர் இருக்கிறது என்பதை அல்ல. சுமாரான கல்லூரியின் ஏஐயைவிட நல்ல கல்லூரியின் ஐ.டி. மேல்.

ஆசிரியர் நிலவரம் முக்கியம். 2024-25 முதல் நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு இட எண்ணிக்கை வரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டதால், கம்ப்யூட்டர் பிரிவுகளைத் தாராளமாக நீட்டிக்கொள்ள வழி பிறந்தது. 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஆனால் ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளில் கணக்குக் காட்டிய விவகாரம் 2024-இல் வெளியே வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே இணையதளப் பட்டியலை நம்பாமல் மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல் கேன்டீனில் மூன்றாம், நான்காம் வருட மாணவர்களிடம் பேசுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் யார் எடுத்தார்கள், பாதியில் ஆசிரியர் மாறினாரா, லேபில் ஆளுக்கொரு சிஸ்டமா, ஃபைனல் இயர் ப்ராஜெக்டைச் சொந்தமாகச் செய்கிறார்களா அல்லது ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குகிறார்களா. கடைசிக் கேள்விக்குச் சிரித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

கவுன்சிலிங்கில் கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதியும் சாய்ஸ் ஃபில்லிங்கில் நடக்கும் தவறுகள் இரண்டு. பத்து கல்லூரியோடு நிறுத்திவிடுவது ஒன்று. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்பதால், கடந்த ஆண்டு உங்கள் சமூகப் பிரிவுக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்து 168-க்குச் சற்று மேலிருந்து நன்றாகக் கீழே வரை வரிசைப்படுத்துங்கள். பெயரைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்து எழுதுங்கள். சேரவே விருப்பமில்லாத கல்லூரியைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ. என்றால், அரசுக் கலைக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் கவனம் தேவை: பெரும்பாலும் கணக்கும் வரலாறும் உதவிபெறும் பிரிவில் இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் சுயநிதிப் பிரிவில் இருக்கும், கட்டணமும் அதற்கேற்ப இருக்கும். மூன்று வருடம் முடித்து டான்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. சேரலாம், அது இப்போது இரண்டு வருடம்தான். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் தொடக்கச் சம்பளம் பொறியியலைவிடக் குறைவு என்பதை மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கணக்கு நன்றாக வரும் பெண் என்றால், சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பையும் கூடவே சேர்க்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-இல் அனுமதித்துவிட்டது. ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடமும் ஒரு தகுதித் தேர்வும் உண்டு. குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75% வரை கட்டணச் சலுகை இருக்கிறது. பாதியில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்ப சான்றிதழ், டிப்ளமோ என்று கையில் ஏதாவது இருக்கும். ஆனால் முதல் செமஸ்டரிலேயே இரண்டையும் சுமக்க வேண்டாம். கல்லூரிப் பாடம் பிடிபட்ட பிறகு இரண்டாம் வருடத்தில் தொடங்கட்டும்.

ஒருவேளை ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், ரசீது உள்ள தொகையை மட்டுமே கேட்டு வாங்க முடியும். ஏ.ஐ.சி.டி.இ. அறிவித்த கடைசித் தேதிக்கு முன் எழுத்துமூலம் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது. கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர மறுத்தால் ஏ.ஐ.சி.டி.இ. குறைதீர்ப்புத் தளத்தில் அந்த நகலோடு புகார் பதியலாம்.