பிரஸ் இரண்டு தடவை இறங்கினால்

வணக்கம் சார்,

வியாசர்பாடியில் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வாரம் 50 டன் பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஒரு பையனுக்கு வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. ஒரு தடவைதான் மிதித்தேன், ரெண்டு தடவை இறங்கிச்சு என்கிறான். துண்டை ஐஸில் போட்டு ஓடினோம், ஒட்ட முடியவில்லை. கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் வேலி) கழற்றியதே அவன்தான் என்கிறார் ஓனர். ஐம்பதாயிரம் கொடுத்து முடித்துக்கொண்டு, இனி கை உள்ளே வந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சார் மாட்டலாம் என்கிறார். ஆளுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பையன் சொல்வது நடக்கக்கூடியதுதான். மிதித்ததும் கிளட்ச் சாவி, சுற்றிக்கொண்டே இருக்கும் ஃபிளைவீல் சக்கரத்தோடு பிரஸ்ஸை இறக்கும் கிராங்கைப் பூட்டும், ஒரு சுற்று முடிந்ததும் விலகும். சாவியின் ஸ்பிரிங் தளர்ந்தோ முனை மழுங்கியோ இருந்தால் விலகாது. பீஸ் எடுக்கக் கை உள்ளே போகும் நேரத்தில் ராம் (மேலிருந்து இறங்கி அழுத்தும் பாகம்) மறுபடி இறங்கும். பிரேக் லைனிங்கில் எண்ணெய் ஏறியிருந்தாலும் ராம் மேலே நிற்காது. டையை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) கழற்றிவிட்டு மிதியை அழுத்திப் பிடித்தபடியே வையுங்கள். ஒரே தடவை இறங்கி நிற்க வேண்டும். நின்றாலும் சாவியைக் கழற்றிப் பாருங்கள், இந்தக் கோளாறு எப்போதாவதுதான் தலைகாட்டும்.

சென்சார் வாங்குவது தண்டச் செலவு. சாவி கிளட்ச் ஒருமுறை பூட்டிக்கொண்டால் முழுச் சுற்று முடியாமல் நிற்காது. கை தெரிகிறது என்று சென்சார் கத்தி என்ன பயன்? டையைச் சுற்றி நிலையான கார்டு போடுங்கள், விரல் நுழையும் இடைவெளி 6 மி.மீ. தாண்டக்கூடாது. அதை ஏன் கழற்றினான் என்றும் கேளுங்கள். பீஸ் தானாக வெளியே விழ வழி இல்லாமல், எண்ணிக்கையை மட்டும் கேட்டால் யாரும் கழற்றுவார்கள். காற்று அடித்துத் தள்ளலாம், சரிவுத் தகடு வைக்கலாம்.

கார்டைக் கழற்றியிருந்தாலும், கம்பெனி வேலைக்காகச் செய்யும்போது நடந்த விபத்து என்பதால் இ.எஸ்.ஐ. உரிமை போகாது. விபத்து அறிக்கை 24 மணி நேரத்தில் போயிருக்க வேண்டும், இன்றாவது அனுப்புங்கள். வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும், நேற்றுச் சேர்ந்தவனுக்கும் கிடைக்கும். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் சட்டத்தின் அட்டவணைப்படி ஊனம் 11 சதவீதம். நாள் சம்பளம் 500 என்றால், அதன் 90 சதவீதத்தில் 11 சதவீதம், மாதம் சுமார் 1,485 ரூபாய், ஆயுள் முழுக்க. ஓனர் தரும் ஐம்பதாயிரம் மூன்று வருடக் கணக்குக்குக்கூட வராது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பணத்தை அவர் கையிலிருந்து தரவேண்டிய அவசியமே இல்லை. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்துவிடுவாரோ என்ற பயத்துக்குத்தான் இந்த விலை.

அறுந்த துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். நேரடி ஐஸ் சதையை உறையவைத்துக் கெடுத்துவிடும். ஆனால் பிரஸ்ஸில் நசுங்கிய விரலை ஒட்டுவது எப்படியும் கஷ்டம், அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

இப்போதைய கவலை மீதி விரல்கள்தான். கட்டோடு அசைக்காமலே வைத்திருந்தால் அவையும் விறைத்துப்போகும். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது, பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று அங்கே கேட்டுவிடுங்கள்.