ரெஃப்ரெஷ் முடிந்துவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டேலியிலிருந்து எடுக்கும் கொள்முதல் பதிவேட்டையும், சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும், ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கும் 2பி அறிக்கையையும் மாதாமாதம் எக்செலில் தரவைச் சீராக்கும் பவர் குவெரி வசதியில் மெர்ஜ் செய்து (பில்வாரியாக இணைத்து) ஒப்பிடுகிறேன். ரெஃப்ரெஷ் எந்தத் தடையும் இல்லாமல் முடிகிறது. ஆனால் முடிவில் வரும் 2பி வரித் தொகையின் கூட்டல், தளத்தில் காட்டுவதைவிட அதிகமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, 'நான் தாக்கல் செய்துவிட்டேன்' என்று சப்ளையர் அடித்துச் சொல்லும் பில்கள்கூட 2பி-யில் 'இல்லை' என்ற பட்டியலில் வருகின்றன. முடிவு சரியா என்று எங்கே பார்ப்பது? தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், எல்லாவற்றையும் தானே செய்துவிடும் டூல் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். ஜிஎஸ்டி போர்ட்டல் லாகினும் வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். லாகினை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு வருகிறேன்.

ரெஃப்ரெஷ் முடிந்தது என்றால், நீங்கள் சொன்ன படிகளை எல்லாம் பவர் குவெரி செய்து முடித்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். அந்தப் படிகள் சரியா, எல்லா வரிசைகளும் வந்து சேர்ந்தனவா என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு இடம் இருக்கிறது, ஆனால் யாரும் பார்க்காத மூலையில் இருக்கிறது. எக்செலின் 'டேட்டா' டேப்பில் 'குவெரிஸ் அண்ட் கனெக்‌ஷன்ஸ்' என்பதை அழுத்தினால் வலதுபக்கம் ஒரு பட்டியல் திறக்கும். ஒவ்வொரு குவெரியின் (நீங்கள் அமைத்த படிவரிசையின்) கீழும் எத்தனை வரிசைகள் ஏறின என்று சிறிய எழுத்தில் இருக்கும். பிழை இருந்தால் அதன் எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்கும். அந்த எண்ணிக்கையை அழுத்துங்கள், எந்தெந்த வரிசையில் பிழை என்று தனிப் பட்டியலாக வரும்.

பிழை உள்ள செல் உங்கள் ஷீட்டில் எப்படித் தெரியும் தெரியுமா? வெறும் காலியாக. வரித் தொகை இருக்க வேண்டிய இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடோ எழுத்தோ இருந்தால், பவர் குவெரி அதைப் பிழை என்று குறித்துக்கொள்ளும். ஷீட்டுக்கு அனுப்பும்போது காலியாக விட்டுவிடும். கூட்டல் போட்டால் அது சுழியம். கோடிக்கணக்கான ரூபாய் கணக்கைத் தாங்குகிற ஒரு மென்பொருள், பிழையைச் சிவப்பில் காட்டாமல் காலியாக விடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இத்தனை வருடங்களாக இப்படித்தான் இருக்கிறது.

இன்னொரு மறைவிடம், பவர் குவெரி எடிட்டருக்குள் நீங்கள் பார்க்கும் முன்னோட்டம். அதன் 'வியூ' டேப்பில் 'காலம் குவாலிட்டி'யை (Column Quality) டிக் செய்தால், ஒவ்வொரு நெடுவரிசையிலும் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை, எவ்வளவு காலி என்று சதவீதத்தில் காட்டும். நூறு சதவீதம் சரி என்று பார்த்து நிம்மதி ஆகிவிடுவோம். ஆனால் அது முதல் 1,000 வரிசைகளை மட்டும் வைத்துச் சொல்வது. உங்கள் பதிவேட்டில் 3,000 வரிசை இருந்தால் மீதி 2,000 பற்றி அது வாயே திறக்கவில்லை. எடிட்டரின் கீழ்ப்பட்டையில் 'டாப் 1000 ரோஸ்' என்று இருக்கும் இடத்தை அழுத்தி, முழுத் தரவுக்கும் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கூட்டல் ஏன் ஏறுகிறது? நீங்கள் பதிவேட்டைப் பொருள்வாரியாக எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆக்சசரீஸ் கடையிலிருந்து லேபிள், எலாஸ்டிக், பட்டன் மூன்றும் ஒரே பில்லில் வந்தால் பதிவேட்டில் அது மூன்று வரிசை. 2பி-யில் அதே பில் ஒரே வரிசை, வரி 5,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் எண்ணை வைத்து மெர்ஜ் செய்தால், மூன்று வரிசைக்கும் அந்த 5,400 தனித்தனியாக வந்து ஒட்டிக்கொள்ளும். கூட்டலில் 16,200. பவர் குவெரியின் பார்வையில் இது தவறே இல்லை, நீங்கள் கேட்டதைச் செய்திருக்கிறது. மெர்ஜுக்கு முன்னால் பதிவேட்டில் 'குரூப் பை' கொடுத்து, ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் ஒன்றாக இருக்கும் வரிசைகளைச் சேர்த்து, தொகைகளைக் கூட்டிவிடுங்கள். ஒரு பில்லுக்கு ஒரு வரிசை என்று ஆன பிறகுதான் மெர்ஜ். பில் எண்ணை மட்டும் வைத்து இணைக்கவே கூடாது. 'பில் எண் 45' என்று பத்து சப்ளையர்கள் போட்டிருப்பார்கள்.

ஃபோல்டரிலிருந்து கோப்புகளைச் சேர்க்கும் முறையில் செய்கிறீர்கள் என்றால் அந்த ஃபோல்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2பி-யை இரண்டு தடவை டவுன்லோட் செய்து, அதே பெயரோடு பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று ஒரு கோப்பு உட்கார்ந்திருந்தால், அந்த மாதம் முழுக்க இரட்டிப்பாகியிருக்கும்.

இப்போது 'இல்லை' பட்டியல். இதில் பாதிக்கு மேல் பில் எண்ணின் பிரச்சினையாகத்தான் இருக்கும். ஒரு கோப்பை உள்ளே கொண்டுவந்ததும் பவர் குவெரி தானாகவே 'சேஞ்ச்ட் டைப்' என்ற படியைப் போட்டுவிடுகிறது. முதல் 200 வரிசையைப் பார்த்து, இது எண், இது எழுத்து, இது தேதி என்று முடிவு கட்டிவிடும். பில் எண்கள் 0045, 0046 என்று ஆரம்பித்தால் அதை எண்ணாக்கி 45, 46 என்று வைத்துவிடும். அந்தப் பக்கம் 2பி-யில் 0045 என்று எழுத்தாக இருக்கும். இரண்டும் பொருந்தாது. மாற்றுவது சுலபம். வலதுபக்கப் படிகளில் அந்த 'சேஞ்ச்ட் டைப்' படியிலேயே நின்று, பில் எண் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். பழையதை மாற்றவா, புதிய படி சேர்க்கவா என்று கேட்கும். 'ரீப்ளேஸ் கரன்ட்' என்பதைத்தான் கொடுக்க வேண்டும். புதிய படி சேர்த்தால், பூச்சியம் போன பிறகு வெறும் 45-ஐத்தான் எழுத்தாக்கும்.

சப்ளையர் மெயிலில் அனுப்பிய சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக்கில் எக்செலில் திறந்து, சேவ் செய்து, பிறகு பவர் குவெரிக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தச் சேவ்-இலேயே பூச்சியங்கள் போய்விடும். 05/24 என்ற பில் எண் தேதியாகிவிடும். அப்புறம் எந்தப் படி போட்டாலும் பழைய எண் திரும்பாது. சிஎஸ்வியைத் திறக்காமல் நேராகப் பவர் குவெரிக்கே கொடுங்கள்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்தும் மெர்ஜில் வேறுவேறுதான். இரு பக்கமும் பில் எண்ணைப் பெரிய எழுத்தாக்கி, இடைவெளிகளை நீக்கிவிட்டு இணையுங்கள். இவ்வளவு செய்தும் சில பொருந்தாது. அடித்த பில்லில் முன்னொட்டு, நிதியாண்டு, எண் என்று மூன்றும் இருக்கும். தாக்கலில் வெறும் எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள். பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், கோடும் சாய்கோடும் வரலாம் என்று விதி சொல்கிறதே தவிர, பில்லில் இருப்பதும் தாக்கலில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று தளம் சரிபார்ப்பதில்லை. தளத்தின் எக்செலிலோ தலைப்புகளை இரண்டு அடுக்காக, இணைத்த செல்களில் தருகிறார்கள். மனிதர் கண்ணுக்காக அலங்கரித்த கோப்பு. அதை ஒவ்வொரு கம்பெனியிலும் ஒருவர் உட்கார்ந்து மாதாமாதம் பிரித்துக்கொண்டிருக்கிறார். இந்த உழைப்பு எதுவும் தேவையே இல்லாதது.

இங்கேதான் பலர் 'ஃபஸி மேட்சிங்' என்ற டிக்கைப் போடுகிறார்கள். போட்டவுடன் 'இல்லை' பட்டியல் பாதியாகக் குறையும், சந்தோஷமாக இருக்கும். பில் எண்ணுக்கு அதைப் போடாதீர்கள். ஓரளவு ஒத்துப்போனாலே போதும் என்பதுதான் அதன் வேலை, 0.8 ஒற்றுமை இருந்தால் ஏற்றுக்கொள்ளும். கடைசி இலக்கம் மட்டும் மாறிய இரண்டு பில்களை ஒன்று என்று சேர்த்துவிட அதற்கு வாய்ப்பு அதிகம். அதற்குப் பதிலாக இரண்டு சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும். மிஞ்சியவற்றுக்கு மட்டும் இரண்டாம் சுற்றில் ஜிஎஸ்டி எண், பில் தேதி, வரித் தொகை. இரண்டாம் சுற்றில் பொருந்தியவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் 'இல்லை' என்று நிற்கும் பில்களுக்காக உடனே சப்ளையரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நல்ல சப்ளையர்களின் பணத்தை இதனால்தான் பலர் நிறுத்திவைக்கிறார்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அவர்கள் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் பில்களை ஏற்ற ஐஎஃப்எஃப் என்ற வசதி உண்டு, மறுமாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றலாம், ஆனால் கட்டாயம் இல்லை. ஏப்ரல் மாதப் பில்லை ஐஎஃப்எஃப்-இல் ஏற்றாமல் விட்ட லேபிள்காரரின் பில், ஜூலை 13-க்குள் அவர் செய்யும் காலாண்டுத் தாக்கலில்தான் போகும். உங்களுக்கு அது ஜூன் மாத 2பி-யில்தான் வரும், அந்த 2பி ஜூலை 14-இல்தான் கிடைக்கும். அதுவரை உங்கள் ஏப்ரல் ஒப்பீட்டிலும் மே ஒப்பீட்டிலும் அது 'இல்லை' என்றே நிற்கும். அவர் ஏமாற்றவில்லை, உங்கள் குவெரியிலும் தவறில்லை. ஆகவே சப்ளையர் பட்டியலில் மாதாந்திரமா, காலாண்டா என்று ஒரு நெடுவரிசை சேர்த்து அதையும் மெர்ஜ் செய்துவிடுங்கள். காலாண்டுக்காரர்களின் பில்களைத் தனியாக எடுத்து அடுத்த மாத ஒப்பீட்டிலும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். விடுபட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்த நிதியாண்டின் வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வதை) எடுக்க அடுத்த நவம்பர் 30 வரை, அல்லது அதற்கு முன்பே ஆண்டறிக்கை தாக்கல் செய்துவிட்டால் அதுவரை மட்டுமே நேரம்.

டூல் விற்பவர் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி விற்கப்படும் பல ஃபைல்களைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது நீங்கள் செய்யும் அதே பவர் குவெரிதான். கூடுதலாக இருப்பது கடைசியில் ஒரு 'ரிமூவ் எரர்ஸ்' படி. பெயரைப் பார்த்தால் பிழையைச் சரிசெய்வது போலத் தெரியும். உண்மையில் அது பிழை உள்ள வரிசையையே முழுதாகத் தூக்கி எறிகிறது. அந்தப் பில் பொருந்தியதிலும் இருக்காது, 'இல்லை' பட்டியலிலும் இருக்காது. ஷீட் சுத்தமாகத் தெரியும், காசு கொடுத்தவர் திருப்தி ஆவார். சிலர் பிழைக்குப் பதிலாகச் சுழியம் போட்டிருப்பார்கள். விளைவு ஏறக்குறைய அதேதான். இது தவிர, ஃபஸி மேட்சிங்கை உள்ளே ஒளித்துவைத்து 'எங்கள் டூலில் 98 சதவீதம் பொருந்தும்' என்று விளம்பரம் செய்வார்கள். பொருந்தக் கூடாதது பொருந்தி, அதை நம்பி வரி வரவை எடுத்துப் பயன்படுத்தினால், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டப்போவது உங்கள் நிறுவனம். விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

லாகின் கேட்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2பி-யை இறக்க இரண்டு நிமிடம் போதும், அதற்காக யாருக்கும் பாஸ்வேர்டு தேவையில்லை. லாகின் கையில் இருந்தால் உங்கள் சப்ளையர் யார், யாரிடம் எவ்வளவு தொகைக்கு வாங்குகிறீர்கள் என்பது முழுக்க வெளியே போகும். திருப்பூர் போன்ற ஊரில் அதன் மதிப்பு உங்கள் முதலாளிக்கு நன்றாகவே தெரியும். ஆன்லைனில் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கோப்பை ஏற்றச் சொல்லும் தளங்களும் இதே வகைதான். ஏற்கனவே ஏதாவது டூல் வாங்கி வைத்திருந்தால், அதன் எடிட்டரைத் திறந்து 'அப்ளைட் ஸ்டெப்ஸ்' பட்டியலில் 'ரிமூவ்ட் எரர்ஸ்' அல்லது 'ரீப்ளேஸ்ட் எரர்ஸ்' இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். திறக்கவே முடியாதபடி பூட்டி வைத்திருந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

இனி ஒவ்வொரு மாதமும் முடிவை ஆடிட்டருக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனை. குரூப் செய்த பதிவேட்டில் எத்தனை பில், 2பி-யில் எத்தனை பில் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருந்தியதும் 'இல்லை' என்றதும் சேர்ந்தால் பதிவேட்டின் எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ இரட்டிப்போ இழப்போ நடந்திருக்கிறது. அடுத்து எதிர்ப்பக்கம். நீங்கள் செய்யும் 'லெஃப்ட் அவுட்டர்' மெர்ஜில் பதிவேட்டில் இருக்கும் பில்கள் மட்டுமே முடிவில் வரும். 2பி-யில் இருந்து பதிவேட்டில் இல்லாதவை சத்தமில்லாமல் மறைந்துவிடும். அவற்றில் உங்கள் ஆட்கள் பதிய மறந்த பில்லும் இருக்கலாம், நீங்கள் வாங்கவே இல்லாத சரக்குக்கு யாரோ உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டதும் இருக்கலாம். ஆகவே 2பி-யை மேலே வைத்து, பதிவேட்டைக் கீழே வைத்து, 'லெஃப்ட் ஆன்டி' என்று இன்னொரு மெர்ஜ் போடுங்கள். அதில் வருபவற்றின் 2பி வரியையும் பொருந்தியவற்றின் 2பி வரியையும் கூட்டினால், தளத்திலிருந்து இறக்கிய அதே ஷீட்டின் மொத்தத்தோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். உங்கள் பிரச்சினைக்கான நேரடிச் சோதனை இதுதான்.

முடிவுக்குக் கீழே பிவட் டேபிள் (சுருக்க அட்டவணை) வைத்திருந்தால் அதை நம்பும் முன் 'ரெஃப்ரெஷ் ஆல்' இரண்டு தடவை கொடுங்கள். குவெரி பின்னணியில் ஓடி முடிவதற்குள் பிவட் பழைய தரவையே எடுத்துக்கொண்டு நின்றுவிடும். குவெரியின் ப்ராப்பர்ட்டீஸில் 'எனேபிள் பேக்ரவுண்ட் ரெஃப்ரெஷ்' டிக்கை எடுத்துவிட்டால் ஒரு தடவையே போதும்.