இரும்பு அயனில் 4எஸ் இலத்திரன்கள் ஏன் முதலில் போகின்றன?

இரும்புக்கு 4எஸ்² 3டி⁶ என்று நிரப்புகிறோம் (4எஸ், 3டி என்பன இலத்திரன்கள் இருக்கும் உபசக்திமட்டங்கள், மேலே உள்ள எண் அதிலுள்ள இலத்திரன் தொகை). அப்படியென்றால் இரும்பு(2+) அயனுக்குக் கடைசியாகப் போட்ட 3டி இலத்திரன்களை எடுக்காமல் ஏன் 4எஸ்ஸில் கை வைக்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தர வகுப்பில் பலருக்கும் வாற சந்தேகம்தான்.

நிரப்பும் ஒழுங்கு அணுவெண் ஏற ஏறப் போவது. ஒவ்வொரு இலத்திரனுடனும் கருவில் ஒரு புரோத்தனும் கூடும். அயனாகும்போது அப்படியில்லை. புரோத்தன் 26 ஆகவே இருக்க, இலத்திரன் மட்டும்தான் போகிறது. 3டி நிரம்பத் தொடங்கும் ஸ்கந்தியத்திலிருந்தே 3டி சக்தியில் கீழிறங்கிவிடும், 4எஸ் வெளியே நிற்கும். வெளியே நிற்பதுதான் முதலில் கழரும். ஆகவே இரும்பு(2+) [ஆகன்] 3டி⁶, இரும்பு(3+) [ஆகன்] 3டி⁵. இங்கே [ஆகன்] என்பது ஆகன் அணுவின் 18 இலத்திரன் அமைப்பு.

நம்பாவிட்டால் காந்த அளவீட்டைப் பாருங்கள், சோடியாகாத இலத்திரன் எத்தனை என்று அது காட்டும். இரும்பு(3+) சேர்வைகள் பலவற்றில் சோடியாகாத இலத்திரன்கள் ஐந்து. 3டி³ 4எஸ்² சரியென்றால் மூன்றுதானே வரவேணும்?

இதனால்தான் 3டி⁶ 4எஸ்² என்று சக்திமட்ட எண் ஒழுங்கில் (3, பிறகு 4) எழுதச் சொல்கிறேன். வலப்பக்கத்திலிருந்து அழித்தால் போதும். வழமையான நிரப்பலுக்கு விலகும் குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, செம்பு 3டி¹⁰ 4எஸ்¹ இரண்டையும் பாடமாக்கத்தான் வேணும். செம்பு(2+) 3டி⁹.

டி இலத்திரன் இல்லாத கல்சியத்தில் சிக்கலே இல்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அதிலுள்ள கல்சியம்(2+) வெறும் [ஆகன்]தான். கந்தகம்(2−) அயனும் இரண்டு இலத்திரனை வாங்கி அதே 18க்கு வரும்.